தொலைக்காட்சி நகைச்சுவை: எழுத்து, நடிப்பு, தயாரிப்பு (கேள்வி பதில்)

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, அரை மணித்தியாலக் கொமெடித் தொடர் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறன். ஒரு எபிசோட்டுக்கு எத்தனை பக்கம் வேணும்?

விளம்பரம், தொடக்க இசை, பெயர்ப் பட்டியல் எல்லாம் போக, உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். சாதாரண நாடகத்தில் ஏ4 பக்கம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போடுவார்கள். கொமெடியில் பேச்சு வேகமாக ஓடும், அதே பக்கம் 45 செக்கனில் முடிந்துவிடும். ஆகவே 29, 30 பக்கம் எழுதுங்கள். பிறகு நாலு பேரை இருத்தி, சத்தமாக வாசிக்க வைத்து, நேரம் பிடியுங்கள். 24 நிமிடம் வந்தால் நல்லது, எடிட்டிங்கில் வெட்ட இடம் இருக்கும். 20 நிமிடம்தான் வருகுதென்றால் இன்னொரு திருப்பம் எழுதுங்கள். இருக்கிற காட்சியை இழுத்து நிரப்பவேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: வாசிக்கேக்க எல்லாரும் சிரிக்கினம். நடிச்சுப் பதிவு செய்தால் சிரிப்பு வருதில்லை. எங்க பிழைக்குது?

தம்பி, பெரும்பாலும் வசனத்தின் கடைசிச் சொல்லில்தான். வாடகை வீடு பார்க்கும் காட்சி ஒன்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் சொல்கிறார்: “முற்பணம் ஒரு வருசம். டிபொசிட் மூண்டு மாதம். தண்ணி ஒரு மணித்தியாலம்.” முதல் இரண்டும் ஒரு போக்கை உண்டாக்குகின்றன, மூன்றாவது அதை உடைக்கிறது. உடைக்கிற சொல் கடைசியில் நிற்கவேண்டும். நடிகர் பழக்கதோஷத்தில் “ஒரு மணித்தியாலம்தான் வரும் பாருங்கோ தம்பி” என்று வாலைச் சேர்த்தால், பார்ப்பவர் சிரிக்க வாயெடுக்கும் நேரத்தில் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சிரிப்பு அடங்கிப்போகும். இப்படியான வசனத்தைப் பிரதியில் கோடிட்டு, “ஒன்றும் சேர்க்காதே” என்று எழுதியே கொடுங்கள்.

அடுத்தது, கேட்கிறவரின் முகம். சிரிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. சொல்பவரை மட்டும் குளோஸ்-அப்பில் பிடித்தால் அந்தப் பாதி போய்விடும். முதலில் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் தெரிய முழுக் காட்சியையும் ஒருமுறை எடுங்கள், பிறகு கேட்பவரின் முகத்தைத் தனியாக எடுங்கள். எடிட்டிங்கில் அந்த முகத்தில் அரைச் செக்கன் கூடுதலாக நில்லுங்கள். அடுத்த வசனத்தை அதன் மேல் ஏற்றவேண்டாம்.

ஒலியையும் பாருங்கள். கடைசிச் சொல் தெளிவாகக் கேட்காவிட்டால் எழுதியதெல்லாம் வீண். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சட்டைக்குள் மைக் உரசாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்க வீடு என்றால் ரயில் நேரத்தை முதல் நாளே குறித்து வையுங்கள். ரயில் சத்தம் விழுந்த பதிவில் வசனத்தைப் பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொரு அறையிலும் எல்லாரும் பேசாமல் நிற்க 30 செக்கன் வெறும் ஒலி பதிவு செய்யுங்கள், வெட்டும் இடங்களை மூட அதுதான் உதவும்.

தெமட்டகொடையிலிருந்து: பேச்சு வழக்கை வைத்துச் சிரிக்க வைக்கலாமா? ஆட்கள் கோபிப்பார்களா?

இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதி நடித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகம் நின்றதே பேச்சு வழக்குகளின் மேல்தான். அவர் மரைக்கார் வேடத்தில், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, செல்வசேகரன் சிங்களவாடைத் தமிழ் பேசும் உபாலி. 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. அங்கே எல்லாரும் ஒரே கூட்டத்துக்குள் சமமாக நின்று மோதினார்கள். ஒருவரின் வழக்கை மட்டும் காட்டி, மற்ற எல்லாரும் “சரியான தமிழ்” பேசினால் அது கேலியாகிவிடும். அந்த வழக்கை வீட்டில் பேசுகிற ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து வாசிக்க வையுங்கள்.

வத்தளையிலிருந்து: நானே எழுதி நானே கதாநாயகனா நடிக்கலாமோ?

நடிக்கலாம், ஆனால் சோதித்துவிட்டு. அமெரிக்காவில் எழுத்தாளரும் நடிகருமான கார்ல் ரெய்னர் தனக்கென்றே 13 எபிசோட் எழுதி, தானே நாயகனாக மாதிரி எபிசோட் எடுத்தார். ஒருவரும் வாங்கவில்லை. அதே எழுத்தில் டிக் வான் டைக் என்ற நடிகரை நாயகனாக்கினார்கள், 1961இல் சிபிஎஸ் சனலில் ஓடத் தொடங்கி ஐந்து பருவம் வந்தது. ரெய்னர் தயாரிப்பிலும் எழுத்திலும் இருந்துகொண்டு, இடைக்கிடை வரும் ஒரு சிறு பாத்திரத்தில் நடித்தார். வாசிப்பு நாளில் உங்கள் பாத்திரத்தை இன்னொருவருக்குக் கொடுத்து, வெளியில் இருந்து கேளுங்கள். உங்களைவிட அவருக்குக் கூடுதலாகச் சிரிப்பு விழுந்தால் பாத்திரம் அவருக்குத்தான்.

பம்பலப்பிட்டியிலிருந்து: குறைந்த காசில் மாதிரி எபிசோட் எடுக்க?

மூன்று இடம், ஐந்து நடிகர், இரவு வெளிப்புறக் காட்சி வேண்டாம். கதை வரிசையில் எடுக்காமல் இடவாரியாக எடுங்கள். ஒரு கமரா என்றால் நாளொன்றுக்கு 8 முதல் 10 பக்கம், ஆக மூன்று, நாலு நாள். சாப்பாடும் போக்குவரத்தும்தான் எல்லாரும் குறைத்துப் போடுகிற கணக்கு. மொத்தக் காசில் 10 சதவீதத்தைத் தொடாமல் வையுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: சனல் நேரம் தருமாம், ஸ்பொன்சரை நான் பிடிக்கவேணுமாம். கையெழுத்துப் போடலாமா அக்கா?

தங்கச்சி, முதலில் உரிமை யாருக்கென்று பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், தொடர், படம் போன்ற ஒலி-ஒளிப் படைப்பின் பொருளாதார உரிமை (அதைப் பிரதியெடுக்க, விற்க, ஒளிபரப்ப உள்ள உரிமை) தயாரிப்பாளருக்கு. காசும் ஸ்பொன்சரும் நீங்கள் கொண்டுவந்தால், தயாரிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். சனலுக்கு ஒளிபரப்பு உரிமை மட்டும் கொடுங்கள்: எத்தனை தடவை, எத்தனை வருடம் என்று எண் போட்டு. யூடியூப்புக்குத் தனிப் பந்தி வேண்டும். பாத்திரங்களையும் தலைப்பையும் வைத்து இரண்டாம் பருவம் எடுக்கும் உரிமை, மேடை உரிமை இரண்டையும் உங்களிடமே வையுங்கள். உரிமை மாற்றம் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்தில் இருக்கவேண்டும். எண்ணத்துக்கு மட்டும் காப்பில்லை, ஆகவே பேசப் போகமுன் முழுப் பிரதியையும் எழுதி, திகதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போங்கள். ஸ்பொன்சர் காசு வராமல் போனால் அடுத்த எபிசோட்டை யார் பொறுப்பது என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.