யானை வாரிப் போடும் மண்

அன்புள்ள அக்காவுக்கு,

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். வயது 24. அப்பா ரப்பர் பால் மரம் சீவினார். இப்போது அங்கே எல்லாம் செம்பனை. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 7 ஏ எடுத்தேன். எங்கள் தோட்டக் குடியிருப்பில், லயத்தில், அதுவரை யாரும் எடுத்ததில்லை. கோயிலில் மாலை போட்டார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் நானே கெடுத்துக்கொண்டது. ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சித்தி மகள் கல்யாண வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஈப்போவில் ஒரு நேர்முகத் தேர்வு. முந்தின இரவு விடிய விடியத் தொடர் பார்த்துவிட்டு, காலையில் பஸ்ஸை விட்டேன். போன மாதம் பகுதி நேர டிப்ளோமா விண்ணப்பம். முதல் வாரமே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. கெடு முடிந்துவிட்டது.

“யானை மாதிரி உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிற” என்கிறார் அம்மா. தோழி இதை ‘செல்ஃப் சபோட்டாஜ்’ என்கிறாள். இது ஒரு நோயா, அக்கா?

– பட்டணத்துக் கடையில் கணக்கு எழுதுபவள்

அன்புத் தங்கைக்கு,

நோய் இல்லை. 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களைப் பட்டியலிடும் தன் கையேட்டின் பின்னிணைப்பில் ‘தன்னைத் தானே தோற்கடிக்கும் ஆளுமைக் கோளாறு’ என்று ஒன்றை ஆய்வுக்காகச் சேர்த்தது. அடிபட்டு வாழும் பெண்களையே குற்றவாளி ஆக்கிவிடும் என்று கடும் எதிர்ப்பு வந்தது. 1994 பதிப்பில் அது இல்லை.

தோழி சொன்ன சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சபோட்டாஜ் என்றாலே வேண்டுமென்று நாசம் செய்யும் ஓர் எதிரி வந்துவிடுகிறான். உங்களுக்குள் இருப்பவள் எதிரி என்றால், முதல் வாரமே அத்தனை கட்டத்தையும் ஏன் நிரப்புகிறாள்?

அம்மா சொன்னதுதான் நெருங்கி வருகிறது, அவர் நினைத்த பொருளில் இல்லாவிட்டாலும். குளித்துவிட்டு வந்த யானை மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது நமக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. வெயிலும் பூச்சியும் தோலைத் தீண்டாமல் இருக்கத்தான் அது அப்படிச் செய்கிறது. நீங்கள் எதற்குப் பயந்து மண்ணை வாரினீர்கள்?

1978-இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். சில மாணவர்களுக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, “பிரமாதமாகச் செய்தீர்கள்” என்றார்கள். மறுதேர்வுக்கு முன் இரண்டு மாத்திரைகளைக் காட்டினார்கள்: ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று சொல்லி. எப்படி ஜெயித்தோம் என்றே தெரியாத அந்த ஆண் மாணவர்களில் நிறையப் பேர் மந்தமாக்கும் மாத்திரையைக் கேட்டார்கள். தோற்றால் பழி மாத்திரை மேல் போய்விடும், ‘கெட்டிக்காரன்’ என்ற பெயர் அப்படியே இருக்கும். (அந்தச் சோதனையில் பெண்களிடம் இது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த மாத்திரைதான் நினைவுக்கு வந்தது.)

கல்யாண வேலை, தொடர், அழுத்தாத பொத்தான். மூன்றும் அந்த மாத்திரைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. “படித்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பாள்” என்று லயத்தில் இன்றும் சொல்லலாம் அல்லவா? 7 ஏ எடுத்த பெண்ணுக்கு ஒரு கீறலும் விழவில்லை. விலையாகப் போனது ஆறேழு வருஷம்.

அந்த மாலை கொஞ்சம் கனமானதுதான். ஒரு தோட்டமே சேர்ந்து போட்டது. கழற்றி வைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த சேர்க்கை வரும்போது, கடைசிக் கட்டத்தை நிரப்பும் அன்றே அனுப்புங்கள். தனியாக உட்கார வேண்டாம். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். “கிடைக்காமலும் போகலாம்மா” என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொத்தானை விட அந்த ஒரு வாக்கியம்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். தூக்கம் கெட்டு, சாப்பாடும் இறங்காமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள்.

அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.