சர்க்கரை போடாத சுக்குமல்லி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி சுக்குமல்லியைப் பற்றித்தான் இருக்கும். மசாலாப் பொடி அரைத்து விற்பது என் தொழில் என்பதால் அதில் ஆச்சரியமில்லை. இந்தத் தடவை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டின: "சர்க்கரை இல்லாமல் வாயில் வைக்க முடியவில்லை." அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய சுக்குமல்லிப் பொடியைக் கருப்பட்டி இல்லாமல் போட்டால் கஷாயம் மாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் குடிக்க வேண்டுமா? (ஈரோடு வாசகி)

வேண்டாம். தப்பு உங்கள் நாக்கில் இல்லை, பொடியில் இருக்கிறது. கடைப் பொடி பெரும்பாலும் கருப்பட்டி போட்டுக் குடிப்பதற்கென்றே அரைத்தது. இனிப்பு எந்தக் காரத்தையும் அமுக்கிவிடும் என்ற தைரியத்தில் சுக்கையும் மிளகையும் தாராளமாகப் போடுவார்கள். கருப்பட்டியை எடுத்துவிட்டால் அந்தக் காரம் நேராகத் தொண்டைக்கு வரும். இனிப்பில்லாமல் குடிக்க வேண்டுமென்றால் பொடியின் அளவே வேறு.

நான் எடுக்கும் கணக்கு: தனியா 100 கிராம், சோம்பு 20 கிராம், சுக்கு 15 கிராம், சீரகம் 10 கிராம், மிளகு அரை டீஸ்பூன், ஏலக்காய் பத்து, சுண்டுவிரல் நீளத்துக்குப் பட்டை. வழக்கமாகத் தனியாவில் கால் பங்கு சுக்கு போடுவார்கள். இங்கே அதைக் குறைத்து, அந்த இடத்தில் சோம்பை ஏற்றியிருக்கிறேன். சோம்பை வெறும் வாயில் மென்றால் இனிக்கிறதே, அந்த இனிப்பு அனெத்தோல் என்ற எண்ணெய்ச் சத்திலிருந்து வருவது. அதில் சர்க்கரை கிடையாது. பட்டையும் ஏலக்காயும் மூக்கு வழியாக இனிப்பு என்று நம்ப வைப்பவை. பாயசத்திலும் கேசரியிலும் பழகிய வாசனை அல்லவா?

இனி வறுப்பது. கசப்புக்குப் பாதிக் காரணம் இங்கேதான். தனியாவைத் தனியாக, சின்னத் தீயில், பச்சை வாசனை போய் லேசாகச் சிவக்கும் வரை மட்டும் வறுக்க வேண்டும். ஒரு கைப்பிடி கருகினாலும் மொத்தப் பொடியும் கசந்துவிடும், அதற்குப் பரிகாரம் இல்லை. சீரகமும் மிளகும் ஒரு நிமிடம். சோம்பு, ஏலக்காய், பட்டை மூன்றையும் அடுப்பை அணைத்த பிறகு சூட்டுச் சட்டியில் போட்டுப் புரட்டினாலே போதும். சுக்கை வறுக்கவே வேண்டாம். அம்மிக் குழவியாலோ உலக்கையாலோ நன்றாக நசுக்கிய பிறகு மிக்சியில் போடுங்கள். முழுசாகப் போட்டு நான் ஒரு பிளேடை உடைத்திருக்கிறேன்.

போடும் முறை: 250 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் குவித்து. மூடி போட்டுச் சின்னத் தீயில் நாலைந்து நிமிடம், அப்புறம் அணைத்துவிட்டு மூடியபடியே மூன்று நிமிடம். மூடி முக்கியம். திறந்து கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும், டம்ளரில் வாசனை இருக்காது. துணியில் வடிகட்டுங்கள், டீ வடிகட்டியில் இறங்கும் வண்டல்தான் கடைசி மடக்கைக் கசக்க வைக்கிறது. கல் உப்பு இரண்டே பொடிக்கல் போட்டால் மிச்சக் கசப்பும் அடங்கும். உப்பு போட்டது நாக்குக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அளவு.

வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்? பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேன் போடலாம் அல்லவா? (மூன்று பேர் கேட்டது)

சர்க்கரை நோய்க்காக நிறுத்தியவர் என்றால், போடக் கூடாது. கருப்பட்டியிலும் பனங்கற்கண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சர்க்கரைதான். தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். நிறம், மணம், கொஞ்சம் தாது உப்பு எல்லாம் வேறு. ரத்தத்தில் ஏறும்போது அந்த வேற்றுமை பெரிதாக உதவாது. உடன்குடிக் கருப்பட்டி மணத்துக்கு நானும் அடிமை. அது சுவை, மருந்து இல்லை. சும்மா இனிப்பைக் குறைக்க நினைப்பவர் என்றால் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரம் ஒரு முறை பாதிப் பாதியாகக் குறையுங்கள். என் வீட்டில் மூன்று வாரம் ஆனது. இப்போது யாராவது கருப்பட்டி போட்டுத் தந்தால் திகட்டுகிறது.

சாயங்காலம் டீ குடித்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. சுக்கு காபியிலும் காபி இருக்கிறதா? (திருநெல்வேலி)

வீட்டில் போடுவதில் இல்லை. பெயரில்தான் காபி. ஆனால் வெளியே குடிப்பதானால் கேட்டுக்கொள்ளுங்கள்: நிறத்துக்காகவும் பழகிய ருசிக்காகவும் ஒரு சிட்டிகை காபித்தூள் சேர்க்கும் கடைகள் உண்டு. அதைவிட ஏமாற்றுபவை 'துளசி டீ', 'மூலிகை டீ' என்று வரும் சில பாக்கெட்டுகள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பொருள் பட்டியலில் முதல் பெயர் கிரீன் டீயாக இருக்கும். கிரீன் டீயும் தேயிலைதான், அதிலும் காஃபீன் உண்டு. உடம்புக்குள் போன காஃபீனில் பாதி கழியவே பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் விழித்திருக்கும்.

நாங்கள் மல்லியையும் வேர்க்கொம்பையும் தட்டிப்போட்டு அவிச்சுத்தான் குடிக்கிறனாங்கள். பொடி கட்டாயம் வேணுமா? (யாழ்ப்பாணம்)

வேண்டியதில்லை. வேர்க்கொம்பு என்று நீங்கள் சொல்வது எங்கள் சுக்குதான். உங்கள் முறைதான் இனிப்பில்லாமல் குடிக்க இன்னும் நல்லது என்று சொல்வேன். தட்டிப்போட்டால் வண்டல் குறைவு, கசப்பும் குறைவு. நேரம் மட்டும் கூட வேண்டும்: பத்து நிமிடமாவது அவிய வேண்டும். பொடி, அவசரக்காரர்களின் ஏற்பாடு.

ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சோம்பு என்பது உங்கள் பெருஞ்சீரகம், எங்கள் சீரகம் உங்கள் நற்சீரகம். முன்பு நான் எழுதிய அளவைப் பார்த்துப் பெருஞ்சீரகத்தின் இடத்தில் நற்சீரகத்தைக் கொட்டியவர் ஒருவர், "ரசம் குடித்த மாதிரி இருந்தது" என்று எழுதியிருந்தார். நியாயமான புகார்.

கறுவாவில் உங்களுக்குக் கொடுப்பினை. தாள் தாளாகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்குவது இலங்கைக் கறுவா. எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் பட்டை என்று கிடைப்பதில் பெரும்பாலானது தடித்து, மரப்பட்டை மாதிரியே இருக்கும் காசியா. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம்; தினமும் நிறைய உள்ளே போனால் ஈரலுக்கு ஆகாது. குழம்புக்குப் போடுவதில் கவலையில்லை. தினமும் இரண்டு மூன்று வேளை பானமாகக் குடிப்பவர்கள் கொஞ்சம் காசு கூடக் கொடுத்து இலங்கைச் சரக்கையே வாங்கலாம். உங்கள் ஊரில் ரணவரா என்று விற்கிறார்களே, அதுதான் எங்கள் ஆவாரம்பூ. பூவை அவிக்க வேண்டாம், கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாலே சாறு இறங்கும்.

பால் ஊற்றினால் திரிந்துவிடுகிறது. (பலர்)

பச்சை இஞ்சி போட்டீர்களா? இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சீனாவின் கேன்டன் பக்கம் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி, உறையவைத்தே ஓர் இனிப்பு செய்கிறார்கள். தண்ணீரில் இஞ்சியை முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும், அப்புறம் பால் சேரலாம். சுக்கில் இந்தத் தொல்லை குறைவு. கருப்பட்டி போடுகிறவர்களுக்குத் திரிவது பல சமயம் கருப்பட்டியின் புளிப்பால். எப்படியிருந்தாலும் வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகு காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். என்னைக் கேட்டால் நான் சொன்ன பொடிக்குப் பாலே வேண்டாம். சோம்பு வாசனை பாலில் அமுங்கிவிடும்.

அதிமதுரம் போட்டால் சர்க்கரையே தேவையில்லை என்கிறார்களே? (கோயம்புத்தூர்)

இனிக்கும், சந்தேகமில்லை. அதிலுள்ள கிளிசரைசின் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு. ஆனால் அதையே தினமும் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். இது 'ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும்' என்று தள்ளிவிடும் விஷயம் இல்லை. சர்க்கரையை நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் பலருக்கு பிபியும் இருக்கிறது, அவர்கள் கையில்தான் அதிமதுரம் போய்ச் சேருகிறது என்பதே என் கவலை. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். தொண்டை கட்டியபோது ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு, தினசரிப் பானத்தில் போடுவது வேறு.

சீனித்துளசி இலை பரவாயில்லை, சர்க்கரை ஏறாது. ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போட்டால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு வெகுநேரம் நிற்கும். எனக்குப் பிடிப்பதில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம்.

முப்பது வருடம் ஃபில்டர் காபி குடித்தவன். மல்லித் தண்ணீரெல்லாம் எனக்குக் காபி ஆகாது. வேறு வழி? (கும்பகோணம்)

உங்கள் வலி புரிகிறது. சிக்கரியை மட்டும் வாங்குங்கள். வறுத்த வேர்தான், காஃபீன் கிடையாது. டிகாஷனின் கருமையும் அந்தக் கருகிய கசப்பும் அப்படியே இருக்கும். காபி-சிக்கரிக் கலவைப் பாக்கெட் இதற்கு உதவாது. விதிப்படி அதில் 51 சதவீதமாவது காபி இருந்தாக வேண்டும். வெறும் சிக்கரியை ஃபில்டரில் போட்டால் சேறு மாதிரி அடைத்துக்கொண்டு இறங்காது. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டு, ஒரு சிட்டிகை சுக்கும் ஓர் ஏலக்காயும் தட்டிச் சேர்த்து, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுத் துணியில் வடியுங்கள். இதற்குப் பால் பொருந்தும். முதல் நாளே பெரிய டம்ளர் வேண்டாம். சிக்கரி வேரில் இனுலின் என்ற நார்ச்சத்து உண்டு, பழகாத வயிறு சத்தம் போடும். டபராவில் ஆற்றிக் குடித்தால் பாதி ஏக்கம் தீரும், மீதிப் பாதிக்கு என்னிடம் மருந்து இல்லை.

சங்குப்பூ டீ? (சென்னை)

நீலம் அழகு. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவது இன்னும் அழகு. ருசி என்று ஒன்றுமில்லை, விருந்தாளிகளுக்குக் காட்டலாம்.

தினமும் குடித்தால் சர்க்கரை நோய் குறையுமா? மாத்திரையை நிறுத்தலாமா? (ஊர் வேண்டாம்)

நிறுத்தாதீர்கள். இனிப்புக் காபி இருந்த இடத்தில் இது வந்தால் அந்தச் சர்க்கரை உள்ளே போகாது, அதுவே நல்ல லாபம். டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் மூன்று வேளை குடித்தவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் சர்க்கரை மிச்சம். அதற்கு மேல் இந்தப் பானத்தின் தலையில் எதையும் ஏற்ற நான் தயாராக இல்லை. வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சுக்கையும் மிளகையும் இன்னும் பாதியாக்குங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தினசரிப் பழக்கமாக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எந்தச் சுக்கு வாங்குவது? (சிவகாசி)

வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்பு பூசியது. கையில் தேய்த்தால் மாவாக ஒட்டும். மண் நிறத்தில், கனமாக, உடைத்தால் நார் குறைவாக இருப்பதைப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் வண்டு போயாயிற்று. 'கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு' என்று சும்மா சொல்லவில்லை. மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ஒரு நாள் வெயிலில் போட்டு, அப்புறம் நசுக்குங்கள். சுக்கு முழுசாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. பொடியை மட்டும் இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவே அரைத்து வையுங்கள், அதற்கு மேல் டப்பாவைத் திறக்கும்போதே வாசனை போயிருக்கும்.