வீட்டில் இறைச்சியைப் புகைபோட ரப்பர் விறகு ஆகுமா? வேறு எந்த மரம் நல்லது?

ஆகும். மலேசியாவின் பகாவ் வட்டாரத்தில் எங்கள் கைக்கெட்டும் விறகே அதுதான். தோட்டப் புகைக்கூடங்களில் ரப்பர் ஷீட்டைக் காயவைத்ததும் அதே விறகுதான். ஆனால் மரச்சாமான் பட்டறைக் கழிவுத் துண்டுகளைத் தொடவே தொடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அவற்றில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

என் மனம் போவது கொய்யாவுக்குத்தான். புகை மென்மையாக, லேசான இனிப்போடு வரும். கோழிக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. வெட்டிய கிளையைப் பிளந்து, கூரைக்கடியில் மாதக்கணக்கில் உலரவிடுங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரக்கட்டை கக்கும் கனத்த வெள்ளைப் புகையில் இறைச்சி கசந்துவிடும். புகை மெலிந்து நீலம் பாய்ந்த பிறகே கோழியைத் தொங்கவிடுங்கள்.

மாமரமும் நன்று. வேலியோர அரளி மட்டும் வேண்டாம், அதன் புகையும் நஞ்சு.