பழைய பயறு: ஊன்றலாமா, அவிக்கலாமா?

கேள்வி: சிறுபோகத்துக்கு வாங்கி மிஞ்சிய கௌபி விதையைப் பையோடு கட்டி, குசினிப் பரணில் வைத்திருந்தேன். மாரிக்கு ஊன்றினால் பாதிகூட முளைக்கவில்லை. வண்டும் அரிக்கவில்லை, மணி பளபளவென்றுதான் இருந்தது. பக்கற்றில் போட்ட திகதியும் தாண்டவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகர், செங்கலடி

பதில்: கடைக்காரரை விசாரிக்க முதல் பரணை விசாரிப்போம். பக்கற்றில் உள்ள திகதி, பிரிக்காமல் ஒழுங்காக வைத்த விதைக்குத்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரைக்குக் கீழே என்ன சூடு என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சூடு தணிய மாரி ஈரம் வந்துவிடும். ஈரம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதைக்காரர் கையாளும் பொதுக்கணக்கு. உங்கள் பரணில் இந்தக் கணக்கு தலைகீழாக ஓடியிருக்கிறது.

பளபளப்பை நம்ப வேண்டாம், கெடுவது உள்ளேதான். கலச்சவ்வில் உள்ள கொழுப்பு ஒட்சியேறிச் சவ்வு ஓட்டையாகிறது. அப்படிப்பட்ட விதையை ஊறப்போட்டால் சீனியும் உப்பும் தண்ணீரில் கசியும், மண்ணில் அதுவே பூஞ்சணத்துக்குத் தீனி. புரதத்துக்கும் அடி விழுகிறது. பாணின் மேற்தோல் சிவக்கிறதே, அதே வகைத் தாக்கம் விதைக்குள் மெதுவாக நடக்கிறது: சீனி புரதத்தில் ஒட்டிக்கொள்ள, நொதியங்கள் உருக்குலைகின்றன. சேமிப்புப் புரதத்தை உடைத்து முளைக்கு ஊட்ட வேண்டிய நொதியங்களும், பழுதைத் திருத்தும் நொதியங்களும் இதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், ஆய்வுகூடத்தில் மொத்தப் புரதத்தை அளந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நீரில் கரையும் பங்குதான் குறைந்திருக்கும்.

ஆகவே இனிமேல் ஊன்ற முதல் சோதியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 50 மணி எடுத்து (நல்லதாகப் பொறுக்க வேண்டாம்!), நனைத்துப் பிழிந்த துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயக்கூடாது. 5 ஆம் நாள் ஒருதரம், 8 ஆம் நாள் ஒருதரம் எண்ணுங்கள். வேர் தடித்து நேராக வந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள். 40க்கு மேல் வந்தால் தைரியமாக ஊன்றலாம். முப்பதைச் சுற்றி நின்றால் குழிக்கு ஒன்றிரண்டு கூட்டிப் போடலாம். அதற்கும் கீழே என்றால் நான் ஊன்ற மாட்டேன், முளைப்பதும் சோகையாகத்தான் வரும். ஊதாமல் கல்லுப்போல் கிடக்கும் மணியைச் செத்தது என்று எறிய வேண்டாம். தோல் தண்ணீரை விடாமல் இருக்கலாம், பாசிப்பயறில் இது சகஜம்.

வைப்பதென்றால், பல்லால் கடித்தால் டக்கென்று உடையும் வரை காயவிட்டு, காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்க வேண்டாம், போத்தல் வியர்த்து அடங்கட்டும். வாகரைப் பக்கம் கச்சான் (நிலக்கடலை) செய்கிறவர்கள் விதையைக் கோதோடு வைத்து, ஊன்றும் நேரத்தில் உடைப்பது நல்லது. எண்ணெய் கூடிய விதை சீக்கிரம் கெடும்.

சரி, புதிதாக வாங்கிய பக்கற் சோதனையிலேயே தோற்றால்? அப்போது குறை விற்றவர் பக்கம். பக்கற், தொகுதி இலக்கம், பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குப் போங்கள். சரிவராவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு (தொலைபேசி 1977) முறையிடுவதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாதாடுவது வீண் வேலை.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கிய பாசிப்பயறு ஒரு வருடத்தில் வேக மறுக்கிறது. சத்தும் போய்விட்டதா?
- வாசகி, கல்முனை

பதில்: புரதம் அநேகமாக அப்படியே இருக்கிறது, சமிபாடு கொஞ்சம் குறையலாம். வேகாததற்குக் காரணம் வேறு. சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த பயறில், பைட்டேற்று என்ற பொசுபரசுச் சேர்வை உடைந்து வெளிவரும் கல்சியமும் மக்னீசியமும் கலங்களை ஒட்டிவைக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. இரவிரவாக ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். ஊறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் இளகும், ஆனால் விற்றமின் பி1 குறையும். தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் வைத்துக் காலையில் சாப்பிட அது போதும். பூஞ்சண மணம் அடித்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டுங்கள், அந்த நஞ்சு அவித்தாலும் போகாது. இனி மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மலிவில் மிச்சம் பிடித்தது எரிவாயுவில் போய்விடும்.

கேள்வி: இளஞ்சிவப்பு நிறம் பூசிய விதை மிஞ்சியிருக்கிறது. கழுவி அவிக்கலாமா?
- வாசகி, திருக்கோவில்

பதில்: கூடாது. அந்த நிறம் பூஞ்சணக்கொல்லி பூசியதற்கு அடையாளம், கழுவினாலும் முழுதாகப் போகாது. கோழிக்கும் போட வேண்டாம். ஊன்ற யாராவது கேட்டால் கொடுங்கள், மருந்து பூசியது என்று சொல்லிக் கொடுங்கள்.