குழந்தை என்ஐசியூவில் இருக்கும்போது குடும்பத்தினர் எப்படி உதவலாம்?

அண்ணிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தை என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது, நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அண்ணியைக் கவனியுங்கள். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்குப் பல நேரம் சரியாக உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் போகும். அதற்காக அவர் நடுராத்திரியிலும் எழுந்து பால் பீய்ச்ச வேண்டியிருக்கும். சூடான ரசம் சாதம், தண்ணீர், கொதிக்க வைத்து எடுத்த கிண்ணம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலே பெரிய உதவி. ஆரம்பத்தில் சில சொட்டுகள்தான் வரும். "பாலே இல்லையே" என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். போதவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

முதல் வாரத்தில் எடை குறைவது சகஜம். "எவ்வளவு எடை, எப்போ வீட்டுக்கு?" என்று ஆளாளுக்குப் போன் செய்வது கொடுமை, ஒருவரே பொறுப்பேற்று வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சளி, இருமல் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அப்புறம், உங்கள் அண்ணன். மருந்துச் சீட்டு, பில் கவுன்ட்டர் அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொண்டால், டாக்டர் அனுமதித்ததும் அவரும் குழந்தையை வெறும் மார்போடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்திருக்கலாம்.