வாசகர் கேள்வி–பதில்: ஞானஸ்நானப் பதிவேட்டில் முன்னோரைத் தேடுவோருக்கு

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாறசாலை, கொழிஞ்சாம்பாறை, மூணாறு வட்டாரங்களில் தேவாலய ஏடுகளைக் கொண்டு குடும்ப வரலாறு எழுத முனைந்திருக்கும் வாசகர்களுடையவை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

ஐயா, என் தாத்தாவின் தாத்தா 1840 வாக்கில் பாறசாலைப் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றதாக வீட்டில் சொல்வார்கள். இங்குள்ள சபையில் விசாரித்தபோது அவ்வளவு பழைய ஏடு இல்லை என்றார்கள். ஏடு அழிந்துவிட்டது என்று முடிவு செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், பாறசாலை

அந்த முடிவுக்கு இப்போது வர வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் ஆண்டில் பாறசாலை தனி மிஷன் நிலையமாகவே இருக்கவில்லை. 1840-களின் நடுவில்தான் அது அந்த நிலையை அடைந்தது. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷனரி சங்கத்தின் பணி, 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடங்குகிறது. அவர் 1816-இல் புறப்பட்டுப் போனபின் வந்த மீட், மால்ட் ஆகியோர் காலத்தில் நாகர்கோவில் தலைமையிடமாயிற்று. 1828-ஐ ஒட்டிப் பணிக்களம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மேற்குப் பகுதிக்கு நெய்யூர் தலைமையிடமாக அமைந்தது. ஆகவே 1840-இல் உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருடைய பெயரை முதலில் தேட வேண்டிய இடம் நெய்யூர். பாறசாலை அதற்குப் பிறகுதான்.

எல்லைப்புறத்தில் இது இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. லண்டன் மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையிலும், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. பாறசாலை உள்ள நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதன்பின் 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள நிர்வாகப் பகுதி) தனியாகப் பிரிந்தது. ஒரே குடும்பத்தின் முதல் தலைமுறை ஏடு தமிழ்நாட்டில் ஒரு பேராயத்தின் கீழும், அடுத்த தலைமுறை ஏடு கேரளத்தில் மற்றொரு பேராயத்தின் கீழும் இருப்பது இதனால்தான். திருவனந்தபுரத்தில் கேட்டு இல்லை என்றால் நாகர்கோவிலில் கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தேடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். 1840-இல் இருந்து கீழே இறங்கி வராதீர்கள். உங்கள் தந்தையாரின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து மேலே ஏறுங்கள். அதில் தாத்தா, பாட்டியின் பெயர்களும் வீட்டுப்பெயரும் இருக்கும். அவற்றை வைத்து அவர்களுடைய விவாகப் பதிவைக் கண்டுபிடித்தால், அதிலிருந்து அவர்களின் தந்தைமார் பெயரும் ஊரும் கிடைக்கும். இந்தப் படிகளில் வீட்டுப்பெயரை விட்டுவிடக் கூடாது. வேதமாணிக்கமும் ஞானாபரணமும் ஒரு சபையிலேயே பலர் இருப்பார்கள். புத்தன்வீடு, மேலேவிளை, விளாகத்துவீடு என்று பக்கத்தில் எழுதியிருப்பதுதான் உங்கள் வேதமாணிக்கத்தைப் பிரித்துக் காட்டும்.

லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இந்த மிஷனின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் மிஷனரிகளின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும்தான். உங்கள் சபை எந்த ஆண்டில் தோன்றியது, அப்போது உபதேசியாராக இருந்தவர் யார், எந்த நிலையத்தோடு சபை இணைக்கப்பட்டிருந்தது என்பன போன்ற கேள்விகளுக்கு அவை பெரிதும் உதவும். தாத்தாவின் தாத்தா பெயரை அங்கே தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஐயா, என் பாட்டியின் தாயாருடைய ஞானஸ்நானப் பதிவில் "1041 மகரம் 12" என்று இருக்கிறது. இது அவர் பிறந்த நாளா? இங்கிலீஷ் கணக்கில் எந்த ஆண்டு? பெயரும் வீட்டில் வழங்கிய பெயராக இல்லை.
– ஒரு வாசகி, நெய்யாற்றின்கரை

அது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு. சிங்ஙத்தில் (ஆவணி) ஆண்டு பிறப்பதால், சிங்ஙம் முதல் தனுவின் (மார்கழி) நடுப்பகுதி வரை 824-ஐயும், அதன்பின் கர்க்கடகம் (ஆடி) முடிய 825-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பதிவில் மகரம் (தை) என்பதால் 1866 ஜனவரியின் பிற்பகுதி என்று வருகிறது. தமிழ்க் கணக்குக்கும் மலையாளக் கணக்குக்கும் மாதப் பிறப்பில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆகையால் துல்லியமான தேதி தேவைப்பட்டால், அந்த ஏட்டிலேயே இரு கணக்கும் சேர்த்து எழுதப்பட்ட வேறொரு பதிவு இருக்கிறதா என்று பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 825-ஐ எல்லா மாதங்களுக்கும் கூட்டிவிட்டு ஓராண்டு பிழையோடு வம்சாவளி அச்சிட்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு.

பிறந்த நாளா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை என்பதே பதில். ஏடு பதிவு செய்வது சடங்கை. பிறப்பு அதற்குச் சில நாட்களோ, சில ஆண்டுகளோ முந்தியதாக இருக்கலாம். அந்தக் காலத்துப் புதிய சபைகளில் தாய், தகப்பன், பிள்ளைகள் என்று வீடு முழுவதும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெறுவது சாதாரணம். அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளையும் பாருங்கள். அதே வீட்டுப்பெயரில் நான்கைந்து பேர் இருந்தால் அவர் கைக்குழந்தை என்று கொள்ள முடியாது. வயது என்ற பத்தி இருந்தாலும், அங்கே 20, 25, 30, 40 என்று முழு எண்களாகவே வந்தால் அவை கேட்டு எழுதிய உத்தேச வயதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாறியிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஞானஸ்நானத்தில் வேதாகமப் பெயர் வைத்தார்கள். வீட்டிலோ பழைய பெயரே தொடர்ந்தது. மற்றொன்று சுவாரசியமானது. மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் செலவை இங்கிலாந்தில் உள்ள நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டபோது, பிள்ளைக்குத் தங்கள் பெயரையோ தாங்கள் விரும்பிய பெயரையோ வைக்கச் சொன்னார்கள். உபதேசிமாருக்கும் அவ்வாறே பெயரிட்டது உண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு முழு ஆங்கிலப் பெயரும் குடும்பப் பெயரும் இருந்தால், இரத்த உறவு தேடி இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதும் முன் விடுதிப் பள்ளிப் பதிவைக் கேளுங்கள்.

பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவில் வரும். எண்கள் தமிழ் எண்களாக இருக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்றால் ஊகித்து எழுதாமல், எழுத்து எப்படித் தெரிகிறதோ அப்படியே முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நாங்கள் கத்தோலிக்கர். தாத்தா, பாட்டியின் திருமணச் சான்று தேவைப்படுகிறது. சித்தூரிலும் பாலக்காட்டிலும் உள்ள பதிவு அலுவலகங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை.
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

கிடைக்காமல் போனதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, ஆலயத்தில் நடந்த திருமணங்களின் படியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசுப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் பொருந்தவில்லை. பாலக்காடு பிரிட்டிஷ் மலபார். சித்தூர் கொச்சி இராச்சியம். சில மைல் தூரத்தில் உள்ள இரண்டு பங்குகளில் (ஆலய வட்டாரங்களில்), ஒன்றின் திருமணத்துக்கு அரசிடம் படி உண்டு, மற்றொன்றுக்குப் பங்கு ஏடு மட்டுமே உண்டு. உங்கள் முன்னோரின் மணமேடை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

கத்தோலிக்கப் பதிவுகளைத் தேடுவோருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 1908-இல் நடைமுறைக்கு வந்த, திருமணம் பற்றிய ரோமாபுரியின் 'நே தேமெரே' ஆணையின்படி, ஒருவர் எந்தப் பங்கில் திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற பங்குக்குத் தெரிவிக்கப்பட்டு, பழைய பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகவே திருமணம் நடந்த இடம் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. தாத்தாவின் திருமுழுக்குப் பதிவைப் பிடித்து அதன் ஓரக் குறிப்பைப் படித்தால், மணமகள் பெயர், பங்கு, தேதி ஆகிய மூன்றும் ஒரே வரியில் கிடைத்துவிடலாம். சான்றிதழ் கேட்கும்போது "ஓரக் குறிப்புகளையும் சேர்த்து எழுதித் தாருங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் பெயரும் தேதியும் மட்டும் எழுதிய சீட்டுதான் கைக்கு வரும்.

பதிவு இலத்தீனில் இருக்கும். தாத்தாவைச் சூசை என்றே தேடினால் கிடைக்க மாட்டார். யோசேபுஸ் என்று இருப்பார். அதேபோல் அருளப்பன் யோவான்னெஸ், இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், தேவசகாயம் லாசருஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை முறையினராகவே இருப்பதால், பெற்றோர் வழியில் கிடைக்காத உறவு அந்த வழியில் வெளிப்படும்.

இப்போது உங்கள் பகுதி சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தில் இருக்கிறது என்றாலும், அது 2013 டிசம்பரில் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. உங்கள் தாத்தா காலத்துக்கு மேலாளர் கோயம்புத்தூர் ஆயர். அதற்கும் முன்னால், 1840-களின் நடுப்பகுதிவரை, புதுச்சேரி. அன்றைய குருக்கள் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர். அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகளை அந்தச் சபை பாரிஸில் காத்து வருகிறது. உங்கள் பங்கின் தொடக்கத்தை எழுத அவை பயன்படும்.

மூணாறில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். பூர்வீக ஊர் எது என்றே தெரியவில்லை. 1924 வெள்ளத்தில் எல்லா ஏடுகளும் போய்விட்டன என்கிறார்களே?
– ஒரு வாசகர், மூணாறு

தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு (கொல்லம் 1099) வெள்ளம் மூணாறை நொறுக்கியது உண்மை. இருந்தாலும், தொலைந்த ஒவ்வொரு தாளுக்கும் அந்த வெள்ளத்தையே சாட்சிக்கு அழைப்பது மலையில் வழக்கமாகிவிட்டது. ஏடு இருக்கிறதா என்று நேரில் கேட்டபிறகே நம்புங்கள். ஆலயம் கட்டிய ஆண்டை வைத்துப் பதிவுகளின் வயதைக் கணிக்கவும் வேண்டாம்: பழைய மூணாறு கிறிஸ்து ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல்; அதன் மேட்டில் உள்ள எலினர் நைட் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் கல்லறையோ, அவர் காலராவில் இறந்த 1894-ஐச் சேர்ந்தது. கத்தோலிக்கர் என்றால் கார்மேல் மலை ஆலயம். 1930-இல் விஜயபுரம் மறைமாவட்டம் அமையும்வரை அது வராப்புழையைச் சேர்ந்தது.

பூர்வீக ஊருக்கு இறப்புப் பதிவைவிட விவாகப் பதிவே நல்ல வழி. மாப்பிள்ளை, பெண் இருவரின் சொந்த ஊரிலும் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டியிருந்ததால் ஊர்ப் பெயர் அதில் ஏறியிருக்கும். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்று அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்கள் ஏராளம் என்பதால், தாத்தாவின் உடன்பிறந்தாரில் மூத்தவரின் பதிவு எங்கே என்று தேடுவதும் பலன் தரும். உங்கள் ஆட்களை மலைக்கு அழைத்துவந்த கங்காணியின் ஊர் தெரிந்தால், அந்த ஊர்ச் சபையில் தொடங்குங்கள். கங்காணிகள் தங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள்.

இவையெல்லாம் இணையத்தில் கிடைக்காதா?
– ஒரு வாசகர், வாளையாறு

ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் உங்கள் முன்னோர் என்றால் பெருமளவு கிடைக்கும். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன; ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தேடு பட்டியலும் இலவசம். தமிழ்ச் சபையாருடைய பதிவுகளுக்குப் பெரும்பாலும் பங்கு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஐயா, பழைய ஏட்டில் எங்கள் குடும்பத்தாரின் சாதியை இன்று யாரும் சொல்லக் கூசும் சொல்லால் எழுதியிருக்கிறார்கள். மற்றொரு பதிவில் தகப்பன் பெயரே இல்லை. இவற்றைக் குடும்ப மலரில் அச்சிடலாமா? ஏட்டைப் படம் எடுக்க அனுமதி கேட்பது எப்படி?
– ஒரு வாசகி, எல்லையோரக் கிராமம்

சாதிக் குறிப்பை மறைக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிவு என்றால், அந்தச் சொல் உங்கள் முன்னோர் எந்த நிலையில் இருந்து அந்த ஆலயப் படியேறினார்கள் என்பதற்கு எழுத்துச் சாட்சி. ஏட்டில் உள்ளபடி மேற்கோளாகத் தந்து, அது பதிவு எழுதியவரின் சொல் என்று குறிப்பிடுங்கள். தகப்பன் பெயர் இல்லாத பதிவு வேறு விஷயம். அந்த வழியில் வந்தவர்கள் இன்று உயிரோடு இருந்தால், அவர்களுடைய சம்மதம் இல்லாமல் அச்சிடாதீர்கள். பெயர் இல்லாததற்கு அவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதோ, எழுதியவர் கேட்க மறந்தார் என்பதோ கூடக் காரணமாக இருக்கலாம். வேறு பொருள் கற்பிக்கும் உரிமை நமக்கு இல்லை.

அனுமதியைச் சபைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ எழுத்தில் கேளுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பெயர், எந்த வீடு என்று சுருக்கமாகக் குறிப்பிட்டு, உங்கள் உறவுமுறையையும் எழுதுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த நெரிசலில் போய் நிற்காமல் வார நாளில் நேரம் கேட்டுப் போனால், கபியார் (ஆலயப் பணியாளர்) நிதானமாக அலமாரியைத் திறப்பார். படம் எடுக்க அனுமதி மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அந்தப் பக்கத்தில் பிறருடைய குடும்ப விவரங்களும் இருக்கின்றன. கையால் பிரதி எடுத்து, ஆலயத்தின் பெயர், ஏட்டின் எண், பக்கம், வரிசை எண், நீங்கள் பார்த்த தேதி ஆகியவற்றை அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள். பங்கு பிரிக்கப்பட்டு ஏடு வேறிடம் போனாலும், அடுத்து வருபவர் அந்தக் குறிப்பைக் காட்டி அதே பதிவைக் கேட்க முடியும்.