"டைனிங் ஹோல்": மண்டபமா, ஓட்டையா?

ஆங்கிலத்தில் மண்டபம் என்கிற ஹோலையும் (hall) ஓட்டை என்கிற ஹோலையும் (hole) எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்துக்கு வாயை இன்னும் திறக்கணும், ஓட்டைக்கு உதடு அசையணும். நுவரெலியா ஹோட்டலில் விருந்தினரிடம் "டைனிங் ஹோல்" என்றால் மேனேஜர் சிரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அவ்வளவுதான்.

இரண்டையும் நாம் ஒரே ஓ-வை வைத்துச் சமாளிக்கிறோம், எழுதுவதும் ஒரே மாதிரி. பதுளை, ஹட்டன் என்று மலையகத்தில் மட்டுமில்லை, சிங்களம் பேசுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். "நொட் பொட் (not, pot) இங்கிலீஷ்" என்று கொழும்பில் கிண்டலடிப்பது இதைத்தான் (அந்தக் கிண்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள்).

1. ஆ என்று தாடையை இறக்குங்கள். தாடையை அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவித்து நீட்டிச் சொல்லுங்கள், முடியும்வரை எதுவும் அசையக்கூடாது. இது மண்டபம்.

2. ஓட்டைக்கு, உதடு தளர்ந்த ஒரு அரைகுறை அ-வில் தொடங்கி உ பக்கம் குவிந்துகொண்டே போகணும். தொடக்கத்தில் ரொம்பத் திறந்தால் ஹவுல் (howl) ஆகிவிடும், அது நரி ஊளையிடுவது.

பழகுவதற்கு ஹோல் வேண்டாம், கடைசியில் ல் வந்தால் வெள்ளைக்காரர் பலருக்கே உயிரொலி மாறும். சட்டம் என்கிற லோ (law), தாழ்வு என்கிற லோ (low), இந்த இரண்டையும் செல்ஃபி கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவதில் உதடு அசைந்தால் பிழை.

ஒன்று, அமெரிக்கர் பலர் மண்டபத்தை ஆ-வுக்குக் கிட்டவாகச் சொல்வார்கள். யூடியூபில் அமெரிக்கரையும் பிரிட்டிஷ்காரரையும் கலந்து கேட்காமல் பிரிட்டிஷ் உச்சரிப்பையே பிடித்துக்கொள்ளுங்கள். பழகும்வரை "ரெஸ்டோரண்ட்" என்று சொல்லித் தப்பிக்கலாம்.